தலைவலிக்குக் கைரோபிராக்டர்: நெட்டியா, நீவலா, பயிற்சியா, மாத்திரையா?

தலைவலிக்காகக் கைரோபிராக்டரிடம், அதாவது முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அசைத்துச் சிகிச்சை தருகிறவரிடம், போகலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் பாதி முடிவு செய்துவிட்ட பிறகே கேட்கிறார்கள். மாத்திரை அலுத்துவிட்டது. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பிடரியோ எந்நேரமும் கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது; யாராவது அழுத்திப் பிடித்துவிட்டால் ஐந்து நிமிடம் சுகமாக இருக்கிறது. அப்படியானால் கோளாறு கழுத்தில்தான் என்று தோன்றத்தான் செய்யும். நானும் அப்படியே நம்பினேன், சுமார் மூன்று வருடம்.

ஆனால் கைரோபிராக்டர் ஒரே ஒரு வேலை செய்கிறவர் இல்லை. கழுத்தைச் சட்டென்று திருப்பி நெட்டி எடுப்பார். அதைச் செய்யாமல் மூட்டை மெதுவாக அசைத்துத் தசையை நீவியும் விடுவார். பயிற்சி சொல்லித் தருவார். நல்லவராக அமைந்தால், "இது என் கையில் இல்லை, நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்" என்று அனுப்பியும் வைப்பார். இந்த நான்கில் எதற்குச் சம்மதிப்பது என்பதுதான் நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு. கழுத்து வலிக்கிறதா என்பதைவிட, உங்களுக்கு வருவது எந்தத் தலைவலி என்பதே அந்த முடிவைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

## எந்தத் தலைவலி உங்களுடையது?

சர்வதேசத் தலைவலிச் சங்கத்தின் வகைப்பாட்டில், 2018-இல் வந்த மூன்றாம் பதிப்பில், நூற்றுக்கும் மேற்பட்ட தலைவலிகள் இருக்கின்றன. கைரோபிராக்டரின் அறைக்கு வருபவை பெரும்பாலும் மூன்றுதான்.

மைக்ரேன். மருந்து போடாமல் விட்டால் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். பலருக்கு ஒரு பக்கம், விண் விண் என்று தெறிக்கும். படியேறினாலே கூடும். குமட்டல் இருக்கும், அல்லது வெளிச்சமும் சத்தமும் சேர்ந்தே தாங்காது. இருட்டறையைத் தேடிப் படுப்பவர்கள் இந்த வகை.

டென்ஷன் தலைவலி. அரை மணி நேரம் முதல் 7 நாள் வரை. தலையைச் சுற்றிப் பட்டை கட்டி இறுக்கியது போல, இரு பக்கமும். எரிச்சலாக இருக்கும், ஆனால் வேலையை ஓட்டிவிடலாம்.

கழுத்துவழித் தலைவலி. கழுத்தின் மேல் மூட்டுகளில் இருக்கும் கோளாறு தலையில் வலியாகத் தெரிவது. 1983-இல் நார்வே மருத்துவர்கள் இதற்குத் தனிப் பெயர் கொடுத்தார்கள். பக்கம் மாறாது, பிடரியில் தொடங்கிக் கண்ணை நோக்கி வரும், கழுத்தை ஒரு குறிப்பிட்ட விதமாகத் திருப்பினால் கிளம்பும், அந்தப் பக்கம் கழுத்து முழுதாகத் திரும்பாது.

காகிதத்தில் இவை தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. உடம்பில் அப்படி இல்லை. கழுத்தின் மேல் மூன்று நரம்புகளும், முகத்துக்கும் நெற்றிக்கும் உணர்வு தரும் ட்ரைஜெமினல் நரம்பும் மூளைத்தண்டின் அடியில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அங்கே வந்த செய்தி எந்தக் கம்பி வழியாக வந்தது என்று மூளைக்குச் சரியாகப் பிரித்தறியத் தெரிவதில்லை. அதனால்தான் கழுத்து மூட்டின் கோளாறு கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது. அதே காரணத்தால் மைக்ரேன் கழுத்தில் வலிக்கிறது. 2010-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, மைக்ரேன்காரர்களுக்கு வலி வரும்போது குமட்டலைவிடக் கழுத்துவலிதான் அதிகம் கூடவே வருகிறது என்று காட்டியது.

என் மூன்று வருடம் இங்கேதான் போயிற்று. தலைவலி வருவதற்கு முந்தைய நாள் கழுத்து இறுகும். காரணமில்லாமல் கொட்டாவி கொட்டாவியாக வரும். கழுத்து இறுகியதால் மறுநாள் தலை வலிக்கிறது என்று நான் கணக்குப் போட்டேன். எனக்குக் கழுத்தை நெட்டி எடுத்துவந்தவரும் அதே கணக்கைத்தான் போட்டார். மைக்ரேன் ஏற்கெனவே தொடங்கிவிட்டது, அந்த இறுக்கமும் கொட்டாவியும் அதன் முன்னறிவிப்புகள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

இதைப் பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. உங்கள் கைரோபிராக்டர் இதைச் செய்கிறாரா என்று கவனியுங்கள். மல்லாந்து படுக்க வைத்து, தாடை நெஞ்சில் படும்படி கழுத்தை முழுதாக மடக்கி, அந்த நிலையிலேயே தலையை இரு பக்கமும் திருப்பிப் பார்ப்பார். மற்ற மூட்டுகள் பூட்டிக்கொள்வதால், திரும்புவது பெரும்பாலும் முதல் இரண்டு கழுத்தெலும்புகளுக்கு இடையில் மட்டுமே. இயல்பான கழுத்து ஒவ்வொரு பக்கமும் 40 டிகிரிக்கு மேல் திரும்பும். ஒரு பக்கம் 32 டிகிரிக்குள் நின்றுவிட்டால் கழுத்துவழித் தலைவலி என்ற சந்தேகம் வலுக்கிறது. இரு பக்கமும் தாராளமாகத் திரும்புகிறது, ஆனாலும் "எல்லாம் கழுத்தால்தான்" என்கிறார் என்றால், எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள்.

இன்னொன்று நீங்களே செய்ய வேண்டியது: நான்கு வாரத் தலைவலிக் குறிப்பு. தேதி, எத்தனை மணி நேரம், எந்தப் பக்கம், பத்துக்கு எத்தனை, என்ன மாத்திரை. இது இல்லாமல் கீழே வரும் எந்தச் சிகிச்சை வேலை செய்ததென்றும் உங்களால் சொல்ல முடியாது. நல்ல வாரம் நினைவில் நிற்காது.

## எதற்கும் சம்மதிக்கும் முன்

சில தலைவலிகளுக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது. ஒரு நிமிடத்துக்குள் இடி விழுந்தது போல உச்சத்தைத் தொடும் வலி, காய்ச்சலோடு வளையாத கழுத்து, பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, ஒரு பக்கம் மரத்துப்போதல், நடையில் தள்ளாட்டம் என்றால் நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். 50 வயதுக்கு மேல் முதல் முறையாக வரும் தலைவலி, மெல்லும்போது தாடை வலிப்பது, நெற்றிப்பொட்டைத் தொட்டாலே நோவது ஆகியவை தலையின் ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். தாமதித்தால் பார்வை போகலாம். தலையில் அடிபட்ட பிறகு, பிரசவத்தை ஒட்டி, புற்றுநோய் சிகிச்சைக்கு நடுவே, வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போகும் தலைவலி என்றாலும் முதலில் மருத்துவர்தான்.

முதல் சந்திப்பில் ரத்த அழுத்தம் பார்க்காமல், கண், முகம், கை, கால் நரம்புகளைச் சோதிக்காமல், "படுங்கள்" என்று சொல்கிறவரிடம் படுக்காதீர்கள்.

## எதை வைத்து எடை போடுவது?

நான் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன். உங்கள் வகைத் தலைவலிக்கு அது உதவும் என்பதற்கு ஆய்வு ஆதாரம் இருக்கிறதா. என்ன ஆபத்து. எத்தனை முறை போக வேண்டும், எப்போது தெரியும். சிகிச்சையை நிறுத்திய பிறகு கையில் என்ன மிஞ்சும். பிறகு, கட்டணச் சீட்டில் வராத செலவுகள். கடைசி இரண்டையும் யாரும் முதல் நாளில் கேட்பதில்லை. ஆறு மாதம் கழித்து மனதை அறுப்பது அவைதான்.

## 1. நெட்டி எடுக்கும் அட்ஜஸ்ட்மென்ட்

கைரோபிராக்டர் என்றதும் நினைவுக்கு வருவது இதுதான்: கழுத்தை அதன் எல்லை வரை கொண்டுபோய், மிக வேகமாக, மிகச் சிறிய தூரத்துக்கு ஓர் உந்தல். மடக் என்று சத்தம். எலும்பு இடம் மாறி உட்கார்ந்த சத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். மூட்டு திடீரென்று விலகும்போது அதன் திரவத்துக்குள் வாயுக் குமிழ் உருவாவதை 2015-இல் விரல் மூட்டுகளை எம்ஆர்ஐயில் படம்பிடித்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். சத்தம் வராவிட்டால் சிகிச்சை பலிக்கவில்லை என்று அர்த்தமில்லை. வந்தால் ஏதோ சரியாகிவிட்டது என்றும் அர்த்தமில்லை.

ஆதாரம் வகைக்கு வகை மாறுகிறது. கழுத்துவழித் தலைவலிக்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2018-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 256 பேரைப் பிரித்து, ஆறு வாரத்தில் 0, 6, 12, 18 முறை என வெவ்வேறு அளவில் அட்ஜஸ்ட்மென்ட் கொடுத்தார்கள். மற்ற நாட்களில் மெல்லிய மசாஜ் மட்டும். 18 முறை பெற்றவர்களுக்கு, நான்கு வாரத்தில் சுமார் 16 ஆக இருந்த தலைவலி நாட்கள் சுமார் 8 ஆகக் குறைந்தன. கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் வெறும் மசாஜ் பெற்றவர்களுக்கும் கணிசமாகக் குறைந்தது. இரு குழுவுக்கும் இடையில் உண்மையான வித்தியாசம் சுமார் மூன்று நாள். மாதம் மூன்று நாள் தலைவலி இல்லாமல் இருப்பது சின்ன விஷயம் என்று தலைவலிக்காரர் யாரும் சொல்ல மாட்டார். அதேசமயம் "பாதியாகக் குறையும்" என்ற விளம்பர வரியில் பெரும்பங்கு அட்ஜஸ்ட்மென்டுக்குச் சொந்தமானதில்லை.

மைக்ரேனுக்குக் கதை வேறு. 2017-இல் நார்வே ஆய்வு ஒன்றில் 104 பேரை மூன்றாகப் பிரித்தார்கள்: உண்மையான அட்ஜஸ்ட்மென்ட், முதுகெலும்பைத் தொடாமல் தோளிலும் இடுப்புப் பக்கத்திலும் பொய்யாகத் தள்ளுதல், வழக்கமான மருந்து மட்டும். சிகிச்சை முடிந்தபோது மூன்று குழுவுக்கும் மைக்ரேன் நாட்கள் குறைந்திருந்தன. அந்தக் குறைவில் உண்மைக்கும் பொய்க்கும் வித்தியாசம் தெரியவில்லை. பலன் பெரும்பாலும் நம்பிக்கை தந்த பலனாக இருக்கலாம் என்பதே ஆய்வாளர்களின் முடிவு. அதற்காகப் போகாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பலன் நம்பிக்கையிலிருந்து வருவதானால், அதைக் கழுத்தைத் திருகாமலே பெறலாமே என்றுதான் கேட்கிறேன்.

டென்ஷன் தலைவலிக்கு முடிவுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. 1995-இல் 150 பேரிடம் அட்ஜஸ்ட்மென்டையும் அமிட்ரிப்டிலின் மாத்திரையையும் ஒப்பிட்டபோது, சிகிச்சை நடந்தவரை மாத்திரை சற்று மேலாக இருந்தது, பக்கவிளைவும் அதிகம். இரண்டையும் நிறுத்தி நான்கு வாரம் ஆனதும் மாத்திரைக்காரர்களின் வலி திரும்பியது. மற்றவர்களுக்குப் பலன் நீடித்தது. பிறகு 1998-இல் 75 பேரிடம் நடந்த டென்மார்க் ஆய்வில், எல்லோருக்கும் தசையை நீவிவிட்டு, பாதிப்பேருக்கு மட்டும் கூடவே அட்ஜஸ்ட்மென்ட் கொடுத்தார்கள். அந்தக் கூடுதலால் லாபம் ஒன்றும் இல்லை. பின்னால் வந்த வழிகாட்டுதல்கள் டென்ஷன் தலைவலிக்குப் பயிற்சியையே முன்னால் வைக்கின்றன.

ஆபத்து. சின்ன உபாதைகள் சகஜம்: பாதிப்பேர் வரை ஒரு நாள் இரண்டு நாள் கழுத்து நோவு, அசதி, தலைபாரம் என்பார்கள். பேச வேண்டியது இன்னொன்று. கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிவது மிக அரிது. கிழிந்தால் பக்கவாதம் வரை போகலாம். 2008-இல் கனடாவின் ஒன்டாரியோவில் 818 பக்கவாத நோயாளிகளின் ஆவணங்களை ஆராய்ந்தார்கள். 45 வயதுக்குட்பட்டவர்களில், கைரோபிராக்டரிடம் போனதற்கும் பக்கவாதத்துக்கும் தொடர்பு தெரிந்தது. ஆனால் சாதாரண மருத்துவரிடம் போனதற்கும் அதே அளவு தொடர்பு தெரிந்தது. கிழிசல் முதலில் கழுத்துவலியாகவும் தலைவலியாகவும்தான் தெரியும். அந்த வலிக்காகவே பலர் யாரிடமாவது போகிறார்கள் என்பது ஒரு விளக்கம். அதை வைத்து ஆபத்தே இல்லை என்று முடித்துவிடவும் முடியாது. அமெரிக்க இதயச் சங்கம் 2014-இல் வெளியிட்ட அறிக்கை, கழுத்தில் கைவைக்கும் முன் இந்தத் தொடர்பை நோயாளிக்குச் சொல்லிவிட வேண்டும் என்றது. உங்களிடம் சொன்னார்களா? இதுவரை அனுபவிக்காத விதமாக ஒரு பக்கக் கழுத்தும் தலையும் திடீரென்று வலிக்க ஆரம்பித்து சில நாளே ஆகிறதென்றால், அந்தக் கழுத்தை யாரும் திருப்பக் கூடாது.

மறைமுகச் செலவு. ஆறு வாரத்தில் 18 முறை என்றால் வாரத்துக்கு மூன்று முறை. பயணம், காத்திருப்பு, வேலையில் அனுமதி எல்லாம் கட்டணத்துக்கு வெளியே. மொத்தமாக முன்பணம் கட்டினால் சலுகை என்பார்கள். நான்காவது வாரத்தில் பலனில்லை என்று தெரிந்தாலும், கட்டிய பணம் உங்களைத் திரும்பத் திரும்ப அங்கே கொண்டுபோகும். எக்ஸ்-ரேயைக் காட்டி, "பாருங்கள், கழுத்து வளைவு நேராகிவிட்டது" என்று பயமுறுத்துவதும் உண்டு. வலியே இல்லாதவர்கள் பலருக்கும் அந்த வளைவு அப்படித்தான் இருக்கிறது.

இதற்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. 1895-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் ஊரில் டி.டி. பால்மர் இந்த முறையைத் தொடங்கியபோது, முதுகெலும்பு சற்றே விலகுவதுதான் நோய்களுக்கு வேர் என்றார். அதற்குச் 'சப்லக்சேஷன்' என்று பெயர். நோய்களுக்கு அது காரணம் என்று உரிமை கோர ஆய்வு ஆதாரம் இல்லை என்று பிரிட்டனில் கைரோபிராக்டர்களைப் பதிவுசெய்யும் பொதுக் குழுவே 2010-இல் சொல்லிவிட்டது. இன்று நன்கு படித்த கைரோபிராக்டர்கள் பலர் மூட்டு, தசை, அசைவு என்ற மொழியில்தான் பேசுகிறார்கள். வாழ்நாள் முழுக்க மாதாமாதம் 'சரிசெய்து' கொண்டே இருக்க வேண்டும் என்பவர் இன்னும் பால்மர் காலத்தில் இருக்கிறார்.

இது சிறந்த தேர்வாகும் இடம்: கழுத்துவழித் தலைவலி என்று சோதித்துத் தெளிந்திருக்க வேண்டும், ஒரு பக்கம் கழுத்து திரும்பாமல் இருக்க வேண்டும், எலும்பும் ரத்தக்குழாயும் நன்றாக இருக்க வேண்டும், ஆபத்தைக் கேட்டுப் புரிந்துகொண்டு சம்மதித்திருக்க வேண்டும்.

## 2. மெதுவான அசைவும் தசை நீவலும்

இங்கே திடீர் உந்தல் கிடையாது. மூட்டை அதன் எல்லைக்குள் மெல்ல மெல்ல அசைப்பார்கள். மண்டையோட்டின் அடியில் இருக்கும் சின்னத் தசைகளில் விரல் நுனிகளை வைத்து, தலையின் பாரம் இறங்கும்வரை சில நிமிடம் தாங்கிப் பிடிப்பார்கள். தோளிலும் கழுத்தின் பக்கவாட்டிலும் முடிச்சு போல் இருக்கும் இடங்களை அழுத்தித் தளர்த்துவார்கள். எப்போது வேண்டுமானாலும் "போதும்" என்று சொல்லி நிறுத்த முடியும் என்பது இதன் பெரிய வசதி. உந்தலில் அந்த வாய்ப்பு இல்லை.

கழுத்துவழித் தலைவலிக்கு இது உதவுகிறது. ஆனால் 2016-இல் 110 பேரிடம் நடந்த ஆய்வில், மெதுவான அசைவும் பயிற்சியும் பெற்றவர்களைவிட, மேல் கழுத்திலும் மேல் முதுகிலும் உந்தல் பெற்றவர்கள் மூன்று மாத முடிவில் நன்றாக இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். டென்ஷன் தலைவலிக்காரர்களுக்குத் தசை நீவல் இதமாக இருக்கும். மைக்ரேன்காரருக்கும் வலியில்லாத நாட்களில் சுகம் தரும். வலி உச்சத்தில் இருக்கும்போது தொட்டாலே தாங்காது.

கட்டணச் சீட்டில் வராத செலவு இங்கே வேறு மாதிரி. சுகம் நிச்சயம் கிடைக்கிறது, நீடிப்பதுதான் இல்லை. வெள்ளிக்கிழமை நீவிவிட்டால் செவ்வாய்க்கிழமை பழையபடி ஆகிவிடும். ஆகவே மறுபடி வெள்ளிக்கிழமை. ஆபத்து குறைவு என்பதால் யாரும் கேள்வி கேட்பதும் இல்லை. அப்படியே வருடங்கள் ஓடும்.

எலும்பு மெலிந்து பலவீனமாகும் நோய் (ஆஸ்டியோபோரோசிஸ்) இருப்பவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், வயதானவர்கள், நெட்டி என்றாலே உடம்பை இறுக்கிக்கொள்பவர்கள் கைச்சிகிச்சை வேண்டுமென்றால் இதைத் தேர்ந்தெடுக்கலாம். முடக்குவாதம் நெடுநாளாக இருப்பவர்களுக்கு மேல் கழுத்து மூட்டே தளர்ந்திருக்கலாம். அவர்கள் இதற்குக்கூட மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

## 3. பயிற்சி

நான்கில் கவர்ச்சி மிகக் குறைந்தது இதுதான். சத்தம் இல்லை, யாரும் தொடுவதில்லை, முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியாது. ஆனால் எனக்கு இதன் மீதுதான் மரியாதை அதிகம்.

அடிப்படைப் பயிற்சி பார்க்கச் சிரிப்பாக இருக்கும். மல்லாந்து படுத்து, "ஆமாம்" என்று மிகச் சின்னதாகத் தலையசைக்க வேண்டும். தலையைத் தூக்கக் கூடாது, கழுத்தின் முன்புறப் பெரிய தசைகள் புடைக்கக் கூடாது. கழுத்தின் உள்ளே, எலும்பை ஒட்டி இருக்கும் தசைகள்தான் வேலை செய்ய வேண்டும். கழுத்துக்கடியில் ஒரு சின்னக் காற்றுப் பையை வைத்து, அழுத்தம் 20 மி.மீ. பாதரச அளவிலிருந்து இரண்டிரண்டாக 30 வரை ஏறுகிறதா என்று அளப்பார்கள். ஒவ்வொரு படியிலும் 10 நொடி, 10 முறை. கல் போல் கழுத்து இறுகியவர்கள் பலர் 24-ஐத் தாண்ட மாட்டார்கள். இதோடு தோள்பட்டைகளைப் பின்னுக்கிழுத்து நிறுத்தும் பயிற்சிகள். அப்புறம் ஒரு துண்டின் விளிம்பை மேல் கழுத்தெலும்பில் மாட்டி, அதை இழுத்துக்கொண்டே தலையைத் திருப்பும் பயிற்சியும் உண்டு. கழுத்துவழித் தலைவலிக்கு அது உதவுவதை 2007-இல் ஒரு சிறிய ஆய்வு காட்டியது.

இந்தத் துறையில் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டப்படும் ஆஸ்திரேலிய ஆய்வு 2002-இல் வந்தது. கழுத்துவழித் தலைவலி இருந்த 200 பேரை நான்காகப் பிரித்தார்கள்: கைச்சிகிச்சை, பயிற்சி, இரண்டும், எதுவுமில்லை. சிகிச்சை கொடுத்தவர்கள் பிசியோதெரபிஸ்டுகள். ஆறு வாரச் சிகிச்சைக்குப் பிறகு கைச்சிகிச்சையும் பயிற்சியும் தனித்தனியாகவே தலைவலியைக் குறைத்தன. 12 மாதம் கழித்தும் பலன் நீடித்தது. இரண்டையும் சேர்த்ததால் வந்த கூடுதல் லாபம், எதேச்சை என்று ஒதுக்க முடியாத அளவுக்குப் பெரிதாக இல்லை. அதாவது யாருடைய கையும் படாமல் பெற்ற பலன், கை பட்டுப் பெற்ற பலனுக்குச் சற்றும் இளைத்ததாக இல்லை.

செலவு உங்கள் மனவுறுதிதான். தினம் இரண்டு வேளை, பத்துப் பதினைந்து நிமிடம், வலி இல்லாத நாளிலும். தப்பாகச் செய்தால் வெளித்தசைகள் இன்னும் இறுகித் தலைவலி கூடும். ஆகவே முதல் சில முறை ஒருவர் பார்த்துத் திருத்த வேண்டும். பயிற்சியை ஒரு தாளில் அச்சிட்டுக் கையில் திணித்துவிட்டு அனுப்பும் இடத்தில் இது வேலைக்கு ஆகாது. டென்ஷன் தலைவலிக்கும் கழுத்துவழித் தலைவலிக்கும் இதைத்தான் முதலில் முயல்வேன்.

## 4. மருத்துவரும் மருந்தும்

பெரும்பாலான நாடுகளில் கைரோபிராக்டர் மருந்து எழுத முடியாது. ஆகவே மைக்ரேன் என்று தெரிந்தால் மருத்துவர் தேவை. கைரோபிராக்டரை விட்டுவிட வேண்டும் என்றில்லை. மாதத்துக்குப் பல முறை வந்தால் ப்ரோப்ரனோலால், அமிட்ரிப்டிலின், டோபிராமேட் போன்ற தடுப்பு மருந்துகள் இருக்கின்றன. சரியான அளவில் இரண்டு மாதமாவது எடுத்தால்தான் பலன் தெரியும். பத்து நாளில் நிறுத்திவிட்டு "எனக்கு ஒத்துவரவில்லை" என்பவர்கள் ஏராளம். மாதம் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி வதைக்கும் நாட்பட்ட மைக்ரேனுக்கு, தலையிலும் கழுத்திலும் 31 இடங்களில் 12 வாரத்துக்கு ஒரு முறை போடும் போட்டாக்ஸ் ஊசிக்கு அமெரிக்காவில் 2010-இல் அனுமதி கிடைத்தது. மைக்ரேனுக்காகவே உருவாக்கப்பட்ட, வலியில் பங்குள்ள சிஜிஆர்பி என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசிகள் 2018-இலிருந்து இருக்கின்றன. மைக்ரேனில் இவற்றின் ஆதாரத்துக்குப் பக்கத்தில்கூடக் கழுத்துச் சிகிச்சை எதுவும் வரவில்லை.

செலவு பக்கவிளைவில் இருக்கிறது: அமிட்ரிப்டிலினில் தூக்கக் கலக்கம், வாய் உலர்தல், எடை கூடுதல், டோபிராமேட்டில் விரல் மரத்தல், சொல் மறத்தல். அதைவிடப் பெரிய செலவு சாதாரண வலி மாத்திரையில் ஒளிந்திருக்கிறது. பாரசிட்டமால், இபுப்ரோஃபென் போன்றவற்றை மாதம் 15 நாளோ, மைக்ரேன் வலி வந்ததும் போடும் டிரிப்டான் மாத்திரைகளையோ பல வலிமருந்து கலந்த கூட்டு மாத்திரைகளையோ மாதம் 10 நாளோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து எடுத்தால் மாத்திரையே தலைவலியைக் கிளப்ப ஆரம்பிக்கும். அந்த நிலையில் கழுத்தை எத்தனை முறை நெட்டி எடுத்தாலும், எவ்வளவு நீவினாலும் ஒன்றும் நடக்காது. உங்கள் மாத்திரை நாட்களை எண்ணச் சொல்லிக் கேட்கும் கைரோபிராக்டர் கிடைத்தால், அவரை விட்டுவிடாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| | நெட்டி | நீவல் | பயிற்சி | மருந்து |
|---|---|---|---|---|
| கழுத்துவழித் தலைவலி | உதவும் | உதவும், சற்றுக் குறைவாக | உதவும், நீடிக்கும் | வலி தணிய மட்டும் |
| டென்ஷன் தலைவலி | முடிவுகள் முரண் | இதம் தரும் | முதல் தேர்வு | தேவைப்பட்டால் |
| மைக்ரேன் | பொய்ச் சிகிச்சையைவிட மேல் என்று காட்டவில்லை | இடைநாட்களில் இதம் | துணைக்கு | முதல் தேர்வு |
| ஆபத்து | மிக அரிதாகப் பெரியது | குறைவு | மிகக் குறைவு | பக்கவிளைவு, மாத்திரை மிகுதல் |
| எப்போது தெரியும் | 3 முதல் 6 வாரம் | அன்றே தெரியும், நீடிக்காது | சுமார் 6 வாரம் | தடுப்பு மருந்து 2 மாதம் |
| நிறுத்தினால் மிஞ்சுவது | சிலருக்கு மாதங்கள் | அதிகமில்லை | கற்ற பழக்கம் | பலருக்கு வலி திரும்பும் |

## கலந்து எடுப்பவர்களுக்கு

நிஜத்தில் பலருக்கு ஒரே தலைவலி இருப்பதில்லை. மைக்ரேனும் இருக்கும், நாள் முழுக்கத் திரையைப் பார்த்து இறுகிய கழுத்தும் இருக்கும். அவர்களுக்கு நான்காவதையும் மூன்றாவதையும் சேர்ப்பதுதான் எனக்குப் பிடித்த வழி: மைக்ரேனை மருத்துவர் பார்க்கட்டும், கழுத்தைப் பயிற்சி பார்க்கட்டும், கைச்சிகிச்சை அந்தப் பயிற்சிக்கு உடம்பைத் தயார் செய்யும் அளவுக்கு மட்டும் இருக்கட்டும். ஒரே ஒரு நிபந்தனை, இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். தொடங்கினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். பாராட்டு எப்போதும் கடைசியாகத் தொட்டவருக்கே போகும்.

கண்ணைச் சுற்றி ஒரே பக்கம், 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை, கண்ணீரும் மூக்கடைப்புமாக வந்து, படுக்கவிடாமல் அறைக்குள் நடக்கவைக்கும் வலி என்றால் அது கிளஸ்டர் தலைவலி. அதற்குக் கழுத்துச் சிகிச்சையில் ஒரு நாள்கூட வீணாக்க வேண்டாம். நரம்பியல் மருத்துவரிடம் போங்கள்.

கைரோபிராக்டரைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள் என்றால், முதல் நாளே மூன்றைக் கேளுங்கள். என் தலைவலி எந்த வகை என்று நினைக்கிறீர்கள்? கழுத்தை உந்தாமல் சிகிச்சை தர முடியுமா? எத்தனை முறைக்குப் பிறகு பலனில்லை என்றால் நிறுத்திவிட்டு என்னை வேறு இடத்துக்கு அனுப்புவீர்கள்? மூன்றாவது கேள்விக்கு ஒரு எண் பதிலாக வர வேண்டும். என்னிடம் கேட்டால் ஆறு வாரம் சரியான அளவு. அன்று குறிப்பைத் திறந்து, சிகிச்சைக்கு முந்தைய நான்கு வாரத்தில் எத்தனை தலைவலி நாள், கடைசி நான்கு வாரத்தில் எத்தனை, மாத்திரை நாள் எத்தனை என்று இருவருமாக எண்ணிப் பாருங்கள். எண் இறங்கியிருந்தால் வருகையைக் குறைத்துப் பயிற்சியைக் கூட்டச் சொல்லுங்கள். இறங்காமல் இருந்து, "இன்னும் பன்னிரண்டு முறை வந்து பாருங்கள்" என்றால், நன்றி சொல்லி எழுந்துவிடுங்கள். நான் எழ மூன்று வருடம் ஆயிற்று.